இரட்டைக்குழலும் உள்தாழ்ப்பாளும்

எங்கள் வீட்டுக்கு முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முன்கதவு எங்கள் பொறுப்பு. பின்கதவு அப்படியல்ல. என் கணவருடைய பாட்டனாரின் அப்பா கட்டிய வீடு இது. இன்றைக்குப் பல பங்காளிகளுக்குப் பொது. வளவு என்கிற நடுமுற்றத்தைச் சுற்றி ஒவ்வொரு பங்குக்கும் ஓர் அறை உண்டு, பின்கதவுக்கு ஒரு சாவியும் உண்டு. சென்னையில் இருந்தாலும் சிங்கப்பூரில் இருந்தாலும், ஊருக்கு வந்தால் யாரையும் கேட்காமல் கதவைத் திறந்து, தன் அறையில் பெட்டியை வைத்துவிட்டு, பிறகு நிதானமாக வந்து எங்களை விசாரிப்பது ஒரு பங்காளியின் உரிமை. அதனால் பின்கதவுக்கு யாரும் உள்தாழ்ப்பாள் போடுவதில்லை. போட்டால், வராதே என்று முகத்துக்கு நேரே சொன்னது போல. தாழ்ப்பாள் இல்லாமல் இல்லை. கனத்த பித்தளைத் தாழ்ப்பாள். நான் இந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து அது நகர்ந்து பார்த்ததில்லை.

மகள் வேலைக்குப் போன பிறகு நாங்கள் சென்னையை விட்டுவிட்டுக் காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள இந்த ஊருக்கே வந்துவிட்டோம். சென்னையில் நான் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியையாக இருந்தேன். ஆய்வுக்கூடத்தில் இத்தனை வருஷம் பிள்ளைகளை அமிலத்திலிருந்தும் நெருப்பிலிருந்தும் காப்பாற்றியதாலோ என்னவோ, எனக்கு எதைப் பார்த்தாலும் அது எப்படி விபத்தாகும் என்றுதான் முதலில் தோன்றும். கணவர் இதற்காக என்னைக் கேலி செய்வார். குக்கர் விசில் அடித்தால், “உன் டீச்சரம்மாவுக்குத் தகவல் சொல்லிட்டியா?” என்று குக்கரிடமே கேட்பார்.

மாமனார் விட்டுப்போன பொருள்களில் ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கியும் இருந்தது. நகை போட்ட பெண்பிள்ளைகளோடு வண்டி கட்டிக் கல்யாணங்களுக்குப் போன காலத்தில் அவருடைய அப்பா லைசென்ஸ் எடுத்து வாங்கியது. மாமனார் காலத்தில் அது பீரோவை விட்டு வெளியே வந்தது, துடைப்பதற்கும் தேர்தலுக்கும் மட்டுந்தான். அவர் காலமானதும், ஒப்படைத்துவிடலாம் என்று நான் சொன்னேன். கணவர் லைசென்ஸைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டார். அப்பாவின் கைபட்ட சாமான், இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். அதற்கு மேல் அதில் அவருக்கு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை. எலிப்பொறியில் எலி விழுந்தால், அதைப் பொறியோடு ஸ்கூட்டரில் வைத்துக் கண்மாய்க்கரை வரை கொண்டுபோய்த் திறந்துவிடுகிற மனிதர் அவர். நீங்கள் வருவதற்கு முன்பே அது வீடு திரும்பிவிடும் என்பேன். அதற்கும் பசிக்குமில்லையா என்பார்.

பக்கத்து ஊரில் நடந்த ஒரு திருட்டுதான் அவரை மாற்றியது. எங்களைப் போலவே பெரிய வீட்டில் தனியாக இருந்த தம்பதி. பின்பக்கமாக வந்தவர்கள் இருவரையும் நாற்காலியில் கட்டிப்போட்டுவிட்டு, கிடைத்ததை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். நாங்கள் பார்க்கப் போனோம். அந்த அம்மாளோடு நான் காளையார்கோவிலுக்குப் போய் வந்திருக்கிறேன். வழி நெடுகப் பேசிக்கொண்டே வருகிறவர். அன்றைக்கு ஒரு காதில் கட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தார். தோட்டைக் கழற்றப் பொறுமை இல்லாமல் இழுத்திருக்கிறார்கள். காபி சாப்பிடுங்கள் என்று மட்டும் சொன்னார். அந்த வீட்டுக்காரர் தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் என் கணவர் பீரோ சாவியைக் கேட்டார்.

அதன் பிறகு எல்லாம் முறைப்படிதான் நடந்தது. அதையும் சொல்ல வேண்டும். மதுரையில் ஒரு கிளப்பில் சேர்ந்து சுடப் பழகினார். புதிதாகத் தோட்டா வாங்கினார். துப்பாக்கி ஒரு பீரோவில், தோட்டா வேறொரு பீரோவில், இரண்டு சாவியும் அவர் இடுப்பில். பயிற்சிக்குப் போய் வந்த அன்று வலது தோள் கன்றிச் சிவந்திருக்கும். நான் தைலம் தேய்த்துவிடுவேன். துப்பாக்கி வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே தேய்ப்பேன். “பேச்சக் கொறச்சு, கைய அழுத்தித் தேயி” என்பார்.

எங்களுக்கு ஒரே மகள். சென்னையில் வக்கீலாக இருக்கிறாள். எங்கள் வழக்கப்படி அவளுக்கு அவர் அப்பச்சி, நான் ஆத்தா. அந்தத் தீபாவளிக்கு வந்திருந்தபோது, சாப்பிட்டுக்கொண்டே அவளிடம் ஒரு கேள்வி போட்டார். ஒருத்தன் கதவை உடைத்து உள்ளே வந்துவிட்டால் நான் சுடலாமா, கூடாதா?

அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுக் கோர்ட்டில் நிற்பவள் போலவே பதில் சொன்னாள். தன்னையும் தன் பொருளையும் காத்துக்கொள்ளும் உரிமை எல்லோருக்கும் உண்டு. ஆனால் தேவைக்கு மேல் ஓர் அடி கூட அடிக்கக் கூடாது. திருடன் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவனைக் கொன்றுவிட முடியாது. உயிர் போய்விடும், அல்லது பெரிய காயம் வந்துவிடும் என்று பயப்பட நியாயமான காரணம் இருக்க வேண்டும். பொழுது சாய்ந்த பிறகு வீட்டை உடைத்து வருகிறவன் என்றால் சட்டம் இன்னும் கொஞ்சம் இடம் கொடுக்கிறது.

“அப்ப பகல்ல வந்தா?” என்றார்.

“பகல்ல வந்தா மோர் குடுத்து உக்கார வைங்க அப்பச்சி. ஆறு மணிக்கு மேல பேசிக்கிடலாம்.”

அவருக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. நான் தலையில் தட்டினேன். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் இது எங்கள் வீட்டுப் பேச்சாகவே ஆகிவிட்டது. பகலில் யார் கதவைத் தட்டினாலும், “மோர் இருக்கா?” என்று அவர் உள்பக்கம் பார்த்துக் கேட்பார்.

அப்புறம் தேர்தல் அறிவித்தார்கள். லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்துவிட்டு, எல்லாம் முடிந்த பிறகு வாங்கிக்கொள்ள வேண்டும். கோயிலுக்குப் போகிற வேஷ்டியைக் கட்டிக்கொண்டு, துணி சுற்றிய துப்பாக்கியோடு கிளம்பினார். நானும் கூடப் போனேன். ஸ்டேஷனில் இருந்த ஏட்டு மாமனார் காலத்திலிருந்தே தெரிந்தவர். துப்பாக்கியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, பலகையில் சாய்த்து வைத்தார்.

“நல்லா பளபளன்னு வச்சிருக்கீக ஐயா. கடைசியா இதுல எத சுட்டீக?”

“அட்டைய” என்றார் இவர்.

“அட்டைப்பூச்சியவா?”

“வட்டம் போட்ட அட்டை, ஏட்டையா. மதுரையில.”

ஏட்டு சிரிக்காமல் தலையாட்டிக்கொண்டார். எழுதி முடித்துச் சீட்டைக் கொடுத்தபோது, இது இல்லாமல் இத்தனை நாள் தைரியமாக இருந்துகொள்வீர்களா என்று என்னைப் பார்த்துக் கேட்டார். இருப்போம் என்றேன். நிஜம் வேறு. வேண்டாம் வேண்டாம் என்று சொன்ன எனக்கே அது வீட்டில் இல்லாத நாள்களில் தூக்கம் பிடிக்கவில்லை. பின்கட்டில் ஓர் ஓலை விழுந்தாலும் அந்த அம்மாளின் காதுக்கட்டு கண்முன் வரும். அது வீட்டில் இருந்தால் ஒரு பயம், இல்லாவிட்டால் இன்னொரு பயம். தேர்தல் முடிந்து கணவர் அதைத் திரும்ப எடுத்து வந்த அன்று நான் நிம்மதியாகத் தூங்கினேன். இதை அவரிடம் நான் சொல்லவில்லை.

அவருக்கு அறுபது நிறைகிற வருஷம் அது. அறுபதாம் கல்யாணத்தை ஊர் வீட்டிலேயே வைத்துக்கொள்வதாக இருந்தோம். பங்காளிகள் எல்லோரும் அடுத்த வாரம் வருவதாக ஏற்பாடு. மகள் அவர்களோடு வருவதாகச் சொல்லியிருந்தாள்.

நல்ல வெயில் நாள். மதியச் சாப்பாடு முடிந்து, வேலைக்கு வருகிற பெண்ணும் போய்விட்டாள். கணவர் மின்விசிறிக்கு அடியில் பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். பின்கட்டில் சாமான் அறையிலிருந்து பாத்திரம் விழுகிற சத்தம் வந்தது. பெரிய பித்தளைப் பாத்திரம். விழுந்த பிறகும் சற்று நேரம் தரையில் சுழன்று அடங்குகிற சத்தம். பேப்பரை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். இன்னொரு பாத்திரம் நகர்ந்தது.

போலீசுக்குப் போன் செய்யலாம் என்றேன். அவர்கள் வருவதற்குள் என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டே எழுந்து இரண்டு பீரோக்களையும் திறந்தார். தோட்டாக்கள் உள்ளே இறங்குகிற சத்தமும் துப்பாக்கி மூடுகிற சத்தமும் அவ்வளவு மெல்லியவை என்று எனக்கு அதுவரை தெரியாது.

“நீ இங்குட்டே நில்லு” என்றார்.

நிற்க முடியவில்லை. பின்னாலேயே போனேன். இரண்டாம் கட்டைத் தாண்டும்போது, “யாரது?” என்று ஒரு தடவை கூப்பிட்டார். குரல் சன்னமாகத்தான் வந்தது. பதில் இல்லை. ஆனால் பாத்திரங்களை நகர்த்துகிற சத்தம் நிற்கவும் இல்லை. ஆள் வருவது தெரிந்தும் நிறுத்தாதவன் எதற்கும் துணிந்தவன் என்று நினைத்தோம். இரண்டு பேருமே அப்படித்தான் நினைத்திருக்கிறோம், பிறகு பேசிக்கொண்டபோது தெரிந்தது. அந்த நேரத்தில் துப்பாக்கியைக் கீழே வையுங்கள் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அவர் கையில் அது இருக்கிறதே என்று ஆறுதலாகத்தான் இருந்தது.

சாமான் அறையில் ஒரே ஒரு சின்ன ஜன்னல். உள்ளே ஓர் உருவம் முதுகைக் காட்டிக் குனிந்திருந்தது. தலையையும் முகத்தையும் துணியால் சுற்றியிருந்தது. அவர் துப்பாக்கியைத் தூக்கித் தோளில் பதித்தார். நான் தைலம் தேய்க்கிற அதே இடத்தில்.

அந்த உருவம் தும்மியது.

என் மாமியார் வழியில் வந்த தும்மல் ஒன்று உண்டு. ஒன்றோடு நிற்காது. வரிசையாக வரும், ஒவ்வொன்றும் முன்னதைவிடப் பெரிதாக. கடைசியில் ‘யம்மா’ என்று ஒரு இழுவையோடு முடியும். என் கணவருக்கு அது இருக்கிறது. எங்கள் மகளுக்கும் இருக்கிறது. முதல் தும்மலில் எனக்குத் தெரிந்துவிட்டது. வாய் திறக்க முடியவில்லை. இரண்டாவதில் அவருக்குத் தெரிந்தது. குழல் மெல்லத் தரையைப் பார்த்து இறங்கியது. மற்றத் தும்மல்கள் எல்லாம் முடிந்து ‘யம்மா’ வரும்வரை நாங்கள் இருவரும் அப்படியே நின்றோம்.

அவள் திரும்பினாள். தூசிக்காக மூக்கைச் சுற்றிக் கட்டியிருந்த துப்பட்டாவை இறக்கி, காதிலிருந்து பாட்டுக் கேட்கிற குமிழைக் கழற்றினாள். அப்பா துப்பாக்கியோடு நிற்பதைப் பார்த்து முகமெல்லாம் சிரிப்பு.

“அப்பச்சி, மணி மூணுதான் ஆகுது. மோர் எங்க?”

அவர் சிரிக்கவில்லை. துப்பாக்கியைத் திறந்து தோட்டாக்களை எடுக்கப் பார்த்தார். வரவில்லை. அதைத் தரையில் சுவரைப் பார்க்க வைத்துவிட்டு, அண்டாக்களுக்கு நடுவில் தானும் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே அவர் தோட்டாக்களை வெளியே எடுத்தபோதுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது. அவள் சிரிப்பு போன விதத்தை நான் பார்த்தேன்.

நடந்தது இவ்வளவுதான். சென்னையில் இருக்கிற சின்னப் பங்காளி, தன் அறையைத் திறந்து கூட்டி வைக்கும்படி அவளிடம் பின்கதவுச் சாவியைக் கொடுத்திருக்கிறார். எங்களுக்குச் சொல்லாமல் ஒரு வாரம் முன்னதாக வந்து, அப்பாவை அசத்தலாம் என்று அவள் நினைத்திருக்கிறாள். காரைக்குடி செக்காலையில் பலகாரம் வாங்கிக்கொண்டு, ஆட்டோவைப் பின்தெருவிலேயே நிறுத்தச் சொல்லி இறங்கியிருக்கிறாள். நாங்கள் தூங்குகிற நேரம், அதற்குள் சமையலுக்கு எந்தெந்தப் பாத்திரம் இருக்கிறது என்று பார்த்து வைக்கலாம் என்று சாமான் அறைக்குப் போயிருக்கிறாள். காதில் பாட்டு ஓடியதில் அப்பா கூப்பிட்டது கேட்கவில்லை. இதில் யார் செய்தது தப்பு? சாவி வைத்திருக்கிறவள், தன் வீட்டுக்குள் வந்திருக்கிறாள்.

அன்று சாயங்காலம் அவள் வாங்கி வந்த பலகாரப் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது. அவர் சாப்பிட உட்காரவில்லை. அவள்தான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த வழியில் ஆறுதல் சொன்னாள்.

“நீங்க வேணும்னு செய்யல அப்பச்சி. திருடன்னு நெனச்சீக. ஒங்க பயத்துக்குக் காரணம் இருந்துச்சு. கோர்ட்ல கூட ஒருவேளை ஒங்கள விட்டிருப்பாக.”

“விட்டுட்டு?” என்றார் அவர். “வெளிய வந்து நான் எங்க போறது?”

அவள் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நான் அடுப்படிக்குப் போய் இரண்டு டம்ளர் மோர் கலக்கினேன். எதற்கு மோர் என்று யோசிக்கவில்லை. கொண்டுவந்து வைத்த பிறகுதான் மூன்று பேருக்கும் உறைத்தது. அவள் முதலில் சிரித்தாள், அப்புறம் அழுதாள். அவர் இரண்டு டம்ளரையும் குடித்தார்.

மறுநாள் காலை அவர் பின்கதவுக்குப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்தேன். அந்தப் பித்தளைத் தாழ்ப்பாளில் எண்ணெய் விட்டு முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டிருந்தார். இதைப் போட்டிருந்தால் அவள் கதவைத் தட்டியிருப்பாள் என்றார். வீட்டுக்குள் வரத் திருடனுக்கு வழி இருக்கிறது என்று பயந்து துப்பாக்கிக்குப் பழகினோம், தோட்டா வாங்கினோம், தோளைக் கன்ற வைத்துக்கொண்டோம். கைக்கெட்டும் தூரத்தில் இருந்த தாழ்ப்பாளை மட்டும் தொடவில்லை. கதவைத் தட்டிவிட்டு வாருங்கள் என்று ஒரு பங்காளியிடம் சொல்வதற்கு எங்களுக்கு அவ்வளவு கூச்சம்.

அன்றே எல்லோருக்கும் போன் செய்தார். யார் யாரிடம் சாவி இருக்கிறது என்று கேட்டதில், ஒரு சாவி ஒருவரிடம் இருந்து இன்னொருவருக்குப் போய், அங்கிருந்து மலேசியா வரை போயிருந்தது. இரண்டு பேர், சாவி எங்கே வைத்தோம் என்றே தெரியவில்லை என்றார்கள். மூத்த பங்காளியிடம் பேசுவதற்குத்தான் அவருக்குத் தயக்கம். ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். இனிமேல் உள்தாழ்ப்பாள் போடப் போகிறோம் என்றதும் அந்தப் பக்கம் குரல் உயர்ந்தது.

“என்னடா, என் வீட்டுக்குள்ள நான் வர்றதுக்கு நீ வந்து கதவத் தொறக்கணுமா?”

இவர் நடந்ததைச் சொன்னார். ஒன்றையும் குறைக்காமல் சொன்னார். போன் கட்டாகிவிட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன்.

“பிள்ள நல்லாருக்காளா?” என்றார் கடைசியில்.

“நல்லாருக்காண்ணே.”

“சரி. நான் வந்தா தட்டுறேன். ஆனா சுருக்கா வந்து தொறக்கணும். எனக்கு முட்டி வலி, ரொம்ப நேரம் நிக்க முடியாது.”

அதே வாரத்தில் துப்பாக்கியை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனோம். மகளும் வந்தாள். இப்போது தேர்தல் ஒன்றும் இல்லையே என்று ஏட்டு கேட்டார். தேர்தலுக்கு இல்லை, இனிமேல் திரும்ப எடுக்க வரமாட்டேன், லைசென்ஸையும் சிவகங்கையில் கலெக்டர் ஆபீசில் எழுதிக் கொடுத்துவிடப் போகிறேன் என்றார் இவர். ஏட்டு எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏங்கய்யா, திருடன் பயம் போயிருச்சா?”

“இல்ல ஏட்டையா. அது அப்படியேதான் இருக்கு.”

உண்மைதான். இருக்கிறது. துப்பாக்கியே கூடாது என்று எல்லோருக்கும் சொல்ல எனக்குத் தெரியாது. பக்கத்து ஊரில் நாற்காலியில் கட்டிக் கிடந்தவரிடம் போய் நான் எதைச் சொல்வேன்? எங்கள் வீட்டைப் பற்றி மட்டும் தெரியும். இங்கே உள்ளே வருகிறவர்களில் அநேகம் பேர் வர உரிமை உள்ளவர்கள். அவர்களில் யாராவது ஒருவர் காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டு வரக்கூடும். தும்மல் எல்லோருக்கும் வாய்க்காது.

அறுபதாம் கல்யாணம் நன்றாக நடந்தது. மூத்த பங்காளி பின்கதவைக் கைத்தடியால் இடித்தார், தெருவே திரும்பிப் பார்த்தது. “சுட்டுறாதப்பா, அண்ணன்தான் வந்திருக்கேன்” என்று சத்தம் போட்டார். எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. மகள் போவதற்கு முன்பு பின்கட்டில் ஒரு கேமரா மாட்டிவிட்டுப் போனாள். சென்னையிலிருந்து போனிலேயே பார்ப்பாள். முதல் வாரத்தில், “ஆத்தா, கெணத்தடியில யாரோ ஒரு ஆளு நிக்கிறான்” என்று பதறிக் கூப்பிட்டாள். அப்பச்சி பனியனோடு பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

நேற்று விளக்கு வைக்கிற நேரத்தில் சாமான் அறையில் மறுபடியும் சத்தம். அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு இரண்டாம் கட்டு வரை போனார். தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருந்தது. நின்று, “யாரது?” என்று உரக்கக் கேட்டார். காத்திருந்தார். மறுபடி கேட்டார், மறுபடி காத்திருந்தார். போகவும் இல்லை, திரும்பவும் இல்லை. அந்த இடத்தை இப்போதெல்லாம் அவரால் சட்டென்று தாண்ட முடிவதில்லை. நான் போய் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்ட பிறகு இருவருமாக உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்தோம். ஒரு பெருச்சாளி, அண்டாவுக்குப் பின்னாலிருந்து எங்களைப் பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் தண்ணீர் போகிற தூம்பு வழியாக வெளியே போனது.

“யாருங்க?” என்று நான் கேட்டேன், தெரிந்துகொண்டே.

“பங்காளிதான்” என்றார். “தட்டாம வந்துட்டாரு.”